எந்த விமானத்தில் ஏறுவது?

மூலனூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் சென்ற வாரம் ஒரு பிரசங்கம் நடந்தது. செய்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒரு கனவான். ஆர்டர் பிடிக்க ஜெர்மனிக்கும் பாரிஸுக்கும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பறப்பவர். ஊரில் உள்ள முருங்கைத் தோப்பைப் பார்க்க வந்தவர், வழியில் காரை நிறுத்தி டீ குடிக்க இறங்கினார்.

கடையில் ஒரு வாலிபன் நின்றிருந்தான். தகப்பனார் முருங்கைக்காய் மூட்டை தூக்குகிறவர். தாயார் பருத்திக்காட்டில் கூலிக்குப் போகிறவர். மகன் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்தவன், இப்பொழுது ரியாத்துக்கு விசா வந்திருக்கிறது. முதலாளியைப் பார்த்ததும் கேட்டான்: “ஏனுங்கண்ணா, அத்தனை தூரம் போறதுக்கு எந்த ஏரோப்ளேன் நல்லதுங்க?”

கனவான் மலர்ந்து போனார். மேற்கே போனால் எமிரேட்ஸ் அல்லது கத்தார் ஏர்வேஸ், கிழக்கே போனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றார். சீட்டைச் சாய்த்தால் கட்டிலாகிவிடுமாம், கேட்ட சாப்பாடு வருமாம். ஏர் இந்தியாவை மட்டும் நினைக்காதே, சர்க்கார் கையில் கிடந்து குட்டிச்சுவரானது, நல்லவேளை டாடாவுக்கு விற்றார்கள், இனிமேல்தான் தேறும் என்றார். “சர்க்கார் தொட்டது எதுவுமே விளங்காதப்பா” என்று முத்தாய்ப்பு வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

நாமும் அங்கே உட்கார்ந்திருந்தோம். பதில் சொல்ல ஆரம்பித்தோம். பாதியில் அவர் காரில் ஏறிவிட்டார். மீதியை இங்கே எழுதுகிறோம்.

அவர் புகழ்ந்த விமானங்கள் யாருடையவை?

எமிரேட்ஸ் யாருடையது? துபாய் அரசுக்குச் சொந்தமானது. 1985-ல் அரசு கொடுத்த ஒரு கோடி டாலர் முதலோடு, பாகிஸ்தானின் அரசு விமானக் கம்பெனியிடம் இரண்டு விமானங்களை வாடகைக்கு எடுத்துத் தொடங்கியது. கத்தார் ஏர்வேஸ்? கத்தார் அரசுக்குச் சொந்தமானது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்? அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு டெமாசெக் என்ற ஸ்தாபனத்திடம் இருக்கிறது; டெமாசெக்கோ முழுக்க முழுக்க சிங்கப்பூர் அரசின் சொத்து. கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட், அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளைக் கம்பெனி. கோவையிலிருந்து ஷார்ஜா போகும் ஏர் அரேபியாவிலும் ஷார்ஜா அரசுக்குப் பங்கு உண்டு. அந்த வாலிபன் போகப்போகிற நாட்டின் சவுதியா விமானமும் அரசினுடையதே.

அதை விடுங்கள். கனவான் துணி விற்கப் போகும் ஐரோப்பாவையே பார்ப்போம். ஏர் பிரான்சையும் கே.எல்.எம்.மையும் நடத்தும் கம்பெனியில் பிரெஞ்சு அரசும் டச்சு அரசும் பங்குதாரர்கள். லுப்தான்சா தனியாருடையது. ஆனால் 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது என்ன செய்தது? ஜெர்மன் அரசின் வாசலில் போய் நின்றது! அரசு பணம் போட்டு 20 சதவீதப் பங்கை வாங்கிக் காப்பாற்றியது, 2022-ல்தான் அந்தப் பங்குகளை விற்று வெளியேறியது.

சர்க்கார் தொட்டது விளங்காதென்றால், இந்தக் கனவான் ஆண்டுதோறும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிறாரே, அந்தக் கட்டில் யார் தொட்டது?

2021 பிப்ரவரியில் பிரதமர் மோடி, தொழில் நடத்துவது அரசின் வேலை அல்ல என்று பேசினார். அதே வருடம் அக்டோபர் 8-ந் தேதி ஏர் இந்தியா டாடாவுக்கு என்று அறிவித்தார்கள். 2022 ஜனவரி 27-ந் தேதி கையில் ஒப்படைத்தார்கள். 2024 நவம்பரில் விஸ்தாரா கம்பெனியை ஏர் இந்தியாவோடு இணைத்தபோது, அதில் 25.1 சதவீதப் பங்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. என்னே விந்தை! இந்திய அரசு விமானம் நடத்தக்கூடாது; ஆனால் சிங்கப்பூர் அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் கம்பெனி இந்தியாவின் விமானத்தில் நாலில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம்!

விற்ற கணக்கு

ஏர் இந்தியா பிறவியிலேயே நோஞ்சான் அல்ல. 1953 ஆகஸ்டில் தேசியமயமாக்கப்பட்டது. ஒன்பதே வருடத்தில், 1962-ல், ஜெட் விமானங்களை மட்டுமே ஓட்டும் உலகின் முதல் கம்பெனியாக நிமிர்ந்து நின்றது. அது டாடாவின் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். ஜே.ஆர்.டி. டாடா 1978 வரை தலைவராக இருந்தது மெய்தான், அவர் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதல் போட்டது யார்? ஜனங்கள். நல்ல நிர்வாகியைச் சர்க்கார் ஸ்தாபனத்திலும் வைத்து வேலை வாங்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

பிறகு யார் கெடுத்தார்கள்? 1994-ல் பழைய சட்டத்தை ரத்து செய்து தனியாருக்கு வானத்தைத் திறந்துவிட்டது காங்கிரஸ் சர்க்கார். 2005-06-ல் 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள், பெரும்பாலும் கடன். 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஏர் இந்தியாவையும் அவசரக் கோலத்தில் இணைத்தார்கள். வளைகுடாக் கம்பெனிகளுக்கு இருக்கைகளைத் தாராளமாக அள்ளிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் தணிக்கை அதிகாரியே 2011 அறிக்கையில் கண்டித்தார். மந்திரிகளும் அதிகாரிகளும் செய்த வேலைக்குப் பழி வந்தது பொதுத்துறையின் தலையில்.

விற்றபோது கணக்கு என்ன? 2021 ஆகஸ்டு கடைசியில் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா கொடுத்த விலை 18,000 கோடி. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்ட வகையில் கழிந்தது. ரொக்கமாகச் சர்க்காருக்கு வந்தது 2,700 கோடி. மீதிக் கடன் 46,262 கோடி யார் தலையில்? சர்க்கார் தலையில், அதாவது நம் தலையில். சர்க்கார் வைத்துக்கொண்ட நிலத்தையும் கட்டிடத்தையும் விற்று ஒரு பகுதியை அடைப்போம் என்கிறார்கள். அந்த நிலமும் நம்முடையதுதானே! ஜனத்தொகை 140 கோடி என்று வைத்துப் பங்கு போட்டால், பால்குடிக் குழந்தை உட்படத் தலைக்கு 330 ரூபாய். விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த மூலனூர்க் கிழவியும் இதில் கடன்காரி.

கூலிக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்பொழுது அந்த வாலிபனிடம் வருவோம். எந்த விமானம் என்று அவன் கேட்டான். நாம் அவனிடம் ஒரு கேள்வி கேட்டோம்: “டிக்கெட் யார் எடுக்கிறாங்க தம்பி?”

“ஏஜெண்டுங்க, தோழர்.”

கதை இங்கேதான் இருக்கிறது. விமானம், தேதி, எந்த ஊரில் எத்தனை மணி நேரம் காத்துக் கிடப்பது எல்லாவற்றையும் ஏஜெண்டு தீர்மானிக்கிறான். மூலனூரிலிருந்து மேற்கே போனால் கோவை, கிழக்கே போனால் திருச்சி. கோவையிலிருந்து கடல் தாண்டிப் போகும் ஊர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஆகவே எங்காவது இறங்கி மாறித்தான் போக வேண்டும். முழுப் பிரயாணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் கம்பெனி வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்துக் கொடுத்தால், தவறினவன் பாடு அந்நிய ஊரில் திண்டாட்டம்தான். பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதும் டிக்கெட்டில் இருக்கும். மலிவு டிக்கெட் என்று ஏறிய நம் ஊர்க்காரர் ஒருவர், அம்மா இடித்துக் கொடுத்த முருங்கைக்கீரைப் பொடியையும் ஊறுகாயையும் கவுண்டரிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போனார். கூடுதல் கிலோவுக்குக் கேட்ட பணம் அவரிடம் இல்லை.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு தன் கூலியாக 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது சட்டம். அந்த வாலிபனிடம் வாங்கியிருப்பது அதற்கு மேல். “டிக்கெட் காசு” என்று தனியாகவும் வாங்கியிருக்கிறான்.

இனி, போனவன் திரும்பி வருகிற கதை. தீபாவளி, பொங்கல், ஓணம், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை வந்தால் வளைகுடாக் கட்டணம் பல மடங்காக ஏறுகிறது. இரண்டு வருடம் வெயிலில் வெந்தவன் பிள்ளை முகம் பார்க்க வரும் நாளில்தான் கம்பெனிகளுக்கு அறுவடை. கேட்டால், சந்தை விலை, சர்க்கார் தலையிட முடியாது என்கிறார்கள்.

தலையிட முடியாதா? 2020 மே முதல் 2022 ஆகஸ்டு முடிய, உள்நாட்டு விமானங்களுக்குக் கட்டண வரம்பு வைத்தது இதே சர்க்கார். 2025 டிசம்பரில் என்ன நடந்தது? விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் இறங்கும் தடவைகளைக் குறைத்து விதி வந்திருந்தது. உள்நாட்டுப் பிரயாணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கையில் வைத்திருந்த இண்டிகோ, அதற்கு வேண்டிய ஆட்களோடு தயாராக இல்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஜனங்கள் நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள், மற்றக் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. உடனே டிசம்பர் 6-ந் தேதி சர்க்கார் உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், எவ்வளவு தூரமானாலும் 18,000 ரூபாய். ஆக, முடியும்! டெல்லிக்கும் பம்பாய்க்கும் பறக்கும் கனவான்கள் கூச்சலிட்டால் ஒரே நாளில் முடியும். ரியாத்திலிருந்து வரும் கொத்தனார் கூச்சலிட்டால் முடியாது!

இன்னொன்றையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் இண்டிகோவுக்கு ஓய்வு விதியையே சர்க்கார் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு மெஷினில் விரலைக் கொடுத்த பனியன் தொழிலாளிக்குத் தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. எந்த விமானம் பத்திரம் என்று கேட்பவர்கள், சீட்டு சாய்கிறதா என்று பார்ப்பதற்கு முன் விமானி தூங்கினாரா என்று கேட்க வேண்டும்.

துபாய்க்கு வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள் என்று 2014-ல் வகுத்த அளவை உயர்த்தும்படி துபாய் வருடக்கணக்காகக் கேட்டு வந்தது. டெல்லி இழுத்தடித்து வந்தது. இந்திய விமானத்தைக் காப்பதற்காம். நம்முடைய விமானம் என்று ஒன்று இருந்தபோது அதில் நியாயம் இருந்தது. அப்பொழுது வாரி வழங்கினார்கள். விற்றுத் தொலைத்த பிறகு, வேலி போட்டு யாருடைய தோட்டத்தைக் காக்கிறார்கள்?

1990-ம் வருடம்

குவைத்தில் ஈராக்கின் படை புகுந்த வருடம் அது. நம் ஜனங்கள் பாலைவனம் கடந்து ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு வந்து குவிந்தார்கள். ஆகஸ்டு 13 முதல் அக்டோபர் 11 வரை ஏர் இந்தியா முன்னின்று 488 தடவை விமானங்களைப் பறக்கவிட்டு, லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தாய்நாடு சேர்த்தது. உலகச் சாதனை என்று பதிவான காரியம். லாபம் பார்த்துச் செய்த வேலையா அது? 2020 மே 7-ந் தேதி, கொரோனாவில் சிக்கியவர்களை அழைத்துவரப் போனதும் முதலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்தான். அன்று அது சர்க்கார் விமானம். (வேலை போய் வந்தவர்களிடமும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கினார்கள் என்பதை நாம் மறக்கவில்லை.) நாளை அப்படி ஒரு நாள் வந்தால், டெல்லி மந்திரி தன் விமானத்தை அனுப்புவாரா, கம்பெனியின் டைரக்டர்களிடம் வாடகை பேசுவாரா?

இதனால் நாம் அமீர்களுக்கும் ஷேக்குகளுக்கும் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். அரசு உடைமை என்பது வேறு, ஜனங்களின் உடைமை என்பது வேறு. துபாயில் சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. கத்தார் ஏர்வேஸில் கர்ப்பமான பணிப்பெண்ணை வேலையை விட்டு நீக்க ஒப்பந்தமே இடம் கொடுத்தது. தகப்பன், சகோதரன், கணவன் தவிர வேறு ஆண் கொண்டுவந்து விடக்கூடாது என்றும் கட்டுப்பாடு இருந்தது. 2015-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இதைப் பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. திருப்பூரில் மில் ஹாஸ்டலில் அடைபட்ட பெண்கள் இதைப் படித்தால் தங்கள் கதையென்றே சொல்வார்கள்.

டாடாவின் கீழும் தேன் ஓடவில்லை. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் உடம்புக்குச் சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். நடத்தும் விதத்தில் பாரபட்சம் என்பது குறை. 25 பேரை நிர்வாகம் டிஸ்மிஸ் செய்தது. மே 9-ந் தேதி டெல்லியில் தொழிலாளர் கமிஷனர் முன் பேச்சுவார்த்தை நடந்தது. 25 பேரும் திரும்ப எடுக்கப்பட்டார்கள். பறந்தாலும் தொழிலாளி தொழிலாளிதான், ஒன்றுபட்டால் இறங்கி வருவது முதலாளிதான்.

நாம் கேட்பது இது: உள்நாட்டுக்கு வைத்த உச்சவரம்பை வளைகுடாக் கட்டணத்துக்கும் வை. கோவைக்கும் திருச்சிக்கும் தொழிலாளர் போகும் ஊர்களுக்கு நேர் விமானம் விடு. ஜனங்களின் பணத்தில் ஜனங்களின் விமானத்தை மறுபடி நிறுத்து. அதன் கணக்கு பார்லிமெண்டில் வரட்டும், அதன் நிர்வாகத்தில் தொழிலாளி உட்காரட்டும்.

அந்த வாலிபன் பத்தாவது தேறாதவன். ஆகவே அவன் சவுதி போக எமிகிரேஷன் அனுமதி வேண்டும், அவனுடைய வேலை ஒப்பந்தம் ஈ-மைகிரேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னோம். மறுநாள் கொண்டு வந்தான். போகவர விமானக் கட்டணம் கம்பெனியைச் சேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. “அப்ப நான் குடுத்த காசு யாருக்குங்க?” என்று கேட்டான். வரும் திங்கட்கிழமை அவனோடும் அவன் தகப்பனாரோடும் நாம் ஏஜெண்டு ஆபீசுக்குப் போகிறோம். அதே ஏஜெண்டிடம் பணம் கட்டியிருக்கும் மற்றவர்களும் தங்கள் ஒப்பந்தக் காகிதத்தோடு காலை எட்டு மணிக்கு மூலனூர் பஸ் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும்.