வெளிர் நீலமா? கருநீலமா? சனி பிடித்தது யாரை?

சிறு பட்டணம் ஒன்றிலிருந்து நமது தோழர் ஒருவர் கடிதம் எழுதி, அதற்கு நாம் பதில் சொல்லியே தீர வேண்டுமென்கிறார். விஷயம் பார்வைக்கு மிக அற்பமானதுதான். அதாவது, அவர் வீட்டில் படுக்கை அறைக்குச் சாயம் பூச வேண்டும்; நீலம் என்பது வரையில் முடிவாகிவிட்டது; வெளிர் நீலமா, கருநீலமா என்பதில்தான் தகராறு. அவர் மனைவியார் ஒரு நர்சு. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்று வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். இப்போது ஐந்து மாத கர்ப்பம். அந்த அம்மையார் கருநீலம் வேண்டும் என்கிறார். தோழரின் தாயாரோ ஒரு ஜோசியரைக் கண்டு வந்து, கருநீலம் சனியின் நிறம், வீட்டிற்குப் பீடை, பிறக்கும் பிள்ளையும் கறுப்பாய்ப் பிறக்கும், வெளிர் நீலம் பூசினால் சிவப்பாய்ப் பிறக்கும் என்கிறாராம். தோழர் நம்மைக் கேட்பது என்னவென்றால், "எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் பெரியவர்கள் மனம் நோகாமல் வெளிர் நீலமே பூசிவிட்டால் என்ன நஷ்டம்?" என்பதுதான்.

நஷ்டம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

முதலாவது, சனியை எடுத்துக் கொள்வோம். சனி என்பது சூரியனுக்குச் சுமார் 143 கோடி கிலோமீட்டர் தூரத்தில் சுற்றுகின்ற ஒரு கோள். ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. 1610-ம் வருஷத்திலேயே கலிலியோ தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்து அதைப் பார்த்தார். இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் நிறம் வெளிர் மஞ்சள்! நீலமாகத் தோன்றுகிற கோள்கள் இருக்கவே இருக்கின்றன. அவை யுரேனசும் நெப்டியூனும். அவற்றின் மேலுள்ள மீத்தேன் வாயு சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அவை நீலச் சாயலாய்த் தெரிகின்றன. அவை 1781-லும் 1846-லும்தான் கண்டுபிடிக்கப்பட்டன. நவக்கிரகப் பட்டியலில் அவைகளுக்கு இடமே இல்லை. ஆகவே, நீலமாய் இருக்கிற கோளை ஜோசியருக்குத் தெரியாது. தெரிந்த கோளோ நீலமாய் இல்லை. இந்த யோக்கியதையில் உள்ள சாஸ்திரமா நம் வீட்டுச் சுவருக்குச் சாயம் சொல்லுவது?

இரண்டாவது, பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்பது. இதுதான் விஷமம். மனிதன் தோலின் நிறம் மெலனின் என்னும் பொருளால் ஏற்படுவது. அது எவ்வளவு என்பது தாய் தகப்பன் வழியாய் வருவதேயொழிய, சுவர் வழியாய் வருவதல்ல. அதுவும் வெய்யிலின் கொடுமையிலிருந்து தோலைக் காப்பாற்றுகிற பொருள். அப்படியிருக்க, கறுப்பு என்றால் ஏன் இவ்வளவு பயம்? கிருஷ்ணன் என்ற வார்த்தைக்கே வடமொழியில் கறுப்பு என்றுதான் பொருள். "நீலமேக சியாமளன்" என்று கும்பிடுகிறார்கள். ஆனால் படத்திலே அவனுக்கு வெளிர் நீலம் பூசிவிடுகிறார்கள்! கறுப்பாகக் கடவுள் இருக்கலாம், கறுப்பாகப் பெண் பிறக்கக் கூடாதாம். கலியாண விளம்பரத்தில் "சிவந்த பெண் தேவை" என்று கேட்கிற புத்தியும், வெளிர் நீலம்தான் யோகம் என்கிற புத்தியும் ஒன்றா, வேறா? நிறத்தில் உயர்வு தாழ்வு கற்பித்தவன்தான் பிறப்பிலும் உயர்வு தாழ்வு கற்பித்தவன் என்பதைத் தோழர் மறந்துவிட்டாரா? இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்கு, "நீ கறுப்பாய் வராதே" என்று சுவரில் எழுதி வைப்பதுதான் இந்த வெளிர் நீலம்.

நிற்க, சாயத்தைப் பற்றி உண்மையில் தெரிந்து கொள்ள வேண்டியது எது? வெளிர் நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பாகத்தைத் திருப்பி அனுப்பும். கரு நிறம் பெரும்பாகத்தை உறிஞ்சிக் கொள்ளும். ஆதலால் அடுப்பங்கரைக்கும், பிள்ளைகள் படிக்கும் இடத்திற்கும், ஒற்றை ஜன்னல் உள்ள சிறு அறைக்கும் வெளிர் நீலம் நல்லது. பகலில் தூங்க வேண்டியவர் அறைக்குக் கருநீலம் நல்லது. கருநீலத்திலும் குறைகள் உண்டு. இரவில் விளக்கு அதிகம் வேண்டும். உப்புப் பூத்தால் வெள்ளையாய்த் தெரியும். பின்னால் நிறம் மாற்ற இரண்டொரு பூச்சு அதிகமாகும். அன்றியும், சுவர் மாத்திரம் தூக்கத்தைக் கொண்டுவந்துவிடாது. ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரையும் வேண்டும். சுண்ணாம்புச் சுவராயிருந்தால் இன்னொன்று கவனிக்க வேண்டும். சுமார் 1706-ல் பெர்லினில் உண்டான பிரஷ்ய நீலம் சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுப் பழுப்பாய்ப் போகும். அல்ட்ராமரீன் நீலம் சுண்ணாம்பைத் தாங்கும். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலைக்கல்லை அரைத்து எடுத்த அந்த விலையுயர்ந்த நீலத்தை, 1820-களில் ரசாயன சாஸ்திரிகள் செயற்கையாய்ச் செய்து காட்டியதால் ஏழை வீட்டுச் சுவருக்கும் அது வந்து சேர்ந்தது. எந்தப் பஞ்சாங்கம் இதைச் சொல்லிற்று? எந்த மந்திரம் நீலத்தின் விலையைக் குறைத்தது?

மூன்றாவதும் முக்கியமானதும் என்னவென்றால், அந்த அறையில் தூங்க வேண்டியவர் யார்? இரவெல்லாம் கண் விழித்துச் சம்பாதித்து வருகிற ஒரு கர்ப்பிணிப் பெண். அவர் கேட்பது நகையா, பட்டா? பகலில் நாலு மணி நேரம் தூங்க வசதி. அதற்கு ஜோசியர் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. மாமியார் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. தபால் செலவு செய்து நம்முடைய அபிப்பிராயமும் கேட்கப்பட்டது. அந்த அம்மையாரின் அபிப்பிராயம் மட்டும் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது! 1929-ம் வருஷம் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். 1989-ல் அது தமிழ்நாட்டில் சட்டமாகவும் வந்தது. சொத்தில் பங்கு கொடுத்துவிட்டு, சுவரில் பங்கு இல்லை என்றால் அது என்ன சுயமரியாதை? தோழரும் அந்த அறையில் படுக்கிறவர்தான். "எனக்கு இருட்டு பிடிக்காது" என்று அவர் சொல்லியிருந்தால் அது நியாயமான பேச்சு. இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக் கொள்ளலாம். அவரோ தம் விருப்பத்தைச் சொல்லாமல், தாம் நம்பாத சனியைத் துணைக்கு அழைத்து வருகிறார்.

பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்பது நல்ல குணமே. ஆனால், அந்தத் தாயாரைப் பயமுறுத்தி அனுப்பியது யார்? ஜோசியர் அல்லவா? அந்தப் பயத்தைப் போக்காமல், அதற்குத் தக்கபடி சுவருக்குச் சாயம் பூசினால், அடுத்த மாதம் தொட்டிலுக்கு நாள் பார்ப்பார். பிறகு பெயருக்கு எழுத்துப் பார்ப்பார். கடைசியில் குழந்தையின் கலியாணத்திற்கு ஜாதியும் பார்ப்பார். தாயாரிடம் பொறுமையாய் எடுத்துச் சொல்லுவதே மரியாதை. அவருக்குப் புரியாது என்று நினைப்பதுதான் அவமரியாதை.

ஆகவே தோழரே, சுவரில் இரண்டு முழம் வெளிர் நீலமும் இரண்டு முழம் கருநீலமும் பூசிக் காயவிடுங்கள். காலையிலும், உச்சியிலும், விளக்கு வெளிச்சத்திலும் உங்கள் மனைவியாரையும் தாயாரையும் கூட்டி வைத்துப் பாருங்கள். வேலை முடிந்து வந்த அம்மையாருக்கு எது தூக்கத்தைக் கொடுக்கிறதோ அதைப் பூசுங்கள். அவரே பார்த்துவிட்டு வெளிர் நீலம்தான் நல்லது என்று சொன்னால் தாராளமாய் வெளிர் நீலமே பூசுங்கள். நமக்கு ஆட்சேபணை இல்லை. சனிக்குப் பயந்து பூசுகிற வெள்ளையைவிட, யோசித்துப் பூசுகிற கறுப்பு மேலானது. பிள்ளை கறுப்போ சிவப்போ, அறிவோடு வளரட்டும்.