அலையும் அவத்தையும்

விஞ்ஞானத்தின் நுனிக்கொழுந்தைத் தமிழிற் சொல்லுதல் இயலாதென்று கற்றோர் சிலர் கூறக் கேட்டு வருகின்றோம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கோ வேறெங்கோ செல்லும் நம் மாணாக்கர், உயர்தர வகுப்புவரை தமிழிற் பயின்ற பௌதிகத்தை அங்கு ஆங்கிலத்தில் தொடர்கின்றனர். அதனை நாம் குறைகூறோம், ஆங்கிலம் வேண்டியதே. ஆயின், தமிழிற் பயின்றது வீணென்று அவர்கள் எண்ணிவிடுதல் நமக்கு உடன்பாடன்று. ஓர் உதாரணங் காட்டுவோம். வலுமிக்க காந்தங்கொண்டு உடலின் உள்ளுறுப்புகளைப் படமெடுக்கும் கருவிக்கு அலைபரப்பும் அன்ரெனா வரிசையை அமைத்தலே அது.

எம்.ஆர்.ஐ. எனப் பலரும் அறிந்த காந்தப் பரிவுக் கருவி, உடல் நீரிலுள்ள ஐதரசன் கருக்களை வானொலி அலையாற் தட்டியெழுப்பி, அவை திருப்பியனுப்பும் சைகையைக் கொண்டு படம் வரைகின்றது. காந்தப்புலம் ஒரு தெஸ்லாவாயின் அவ்வலையின் மீடிறன் ஏறத்தாழ 42.6 மெகாஹேட்ஸ். வைத்தியசாலைகளிற் பெரிதும் வழங்குவன 1.5, 3 தெஸ்லாக் கருவிகள். புலம் கூடினாற் சைகையுங் கூடும். ஆகவே 7 தெஸ்லாக் கருவிகள் எழுந்தன. அங்கே மீடிறன் 298 மெகாஹேட்ஸ். வெளியில் ஒரு மீற்றரளவான அலைநீளம், நீர்செறிந்த தசையினுட் புகுந்ததும் 13 சென்ரிமீற்றரளவாகச் சுருங்குகின்றது. மனிதரின் இடுப்போ அதனினும் அகன்றது.

விளைவு யாது? கோயிற் கேணியில் இருபுறமுங் கல்லெறிந்து பாருங்கள். முடியோடு முடி சேருமிடத்தில் நீர் எழும். முடியோடு தாழி சேருமிடத்தில் அசைவு அடங்கும். இதனையே பௌதிக நூல் தலையீடு என்கின்றது. உடலினுள் அலைகள் இங்ஙனம் ஒன்றையொன்று மாய்த்த இடம் படத்தில் இருளாகின்றது. ஈரலோ இதயமோ அவ்விருளில் அகப்பட்டாற் காந்தத்தின் வலுவாற் பயனென்ன?

இதற்குப் பொறியியலாளர் கண்ட வழி அழகானது. ஒரே பெருஞ்சுருளை விடுத்து, எட்டோ பதினாறோ அன்ரெனாக்களை உடலைச் சூழ வைத்து, ஒவ்வொன்றின் வீச்சத்தையும் அவத்தையையும் தனித்தனியே மாற்றுகின்றனர். காணவேண்டிய உறுப்பில் அலைகள் ஒருமித்துச் சேருகின்றன. ஒல்லாந்தின் உத்ரெக்ற் நகர ஆய்வாளர் உடலோடு ஒட்டிக்கிடக்கும் இருமுனைவு அன்ரெனாக்களை இதற்கு எடுத்தாண்டனர். ஆழத்திலுள்ள உறுப்புக்கு அலை செலுத்த அவை ஏற்றவை. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 10.5 தெஸ்லாவிலும் மனித உடலைப் படமெடுத்துள்ளனர்.

ஆயினும் இடரொன்றுண்டு. அலைகளின் மின்புலம் வேண்டாத ஓரிடத்திற் திரண்டு தசையைச் சுடலாம். சாதாரண இயக்கத்தில் உடலின் நடுப்பகுதியிலுள்ள எந்தப் 10 கிராம் இழையமும் கிலோகிராமுக்கு 10 உவாற்று என்ற விகிதத்தைக் கடந்து வலுவை உறிஞ்சலாகாதென்பது சர்வதேச வரம்பு. அதனை உடலுட் புகுந்து அளத்தல் எளிதன்று; கணினியில் அமைத்த மாதிரியுடல்களிற் கணித்தே எல்லை வகுக்கின்றனர். 2017 இல் அமெரிக்காவில் 7 தெஸ்லாக் கருவிக்கு முதன்முதல் மருத்துவ அனுமதி கிடைத்தபோதும், அது தலைக்கும் கைகால்களுக்குமே கிடைத்தது.

இவ்விடயத்தை ஆங்கிலத்திற் சரளமாக விளக்கிய நம் பழைய மாணவர் ஒருவரைத் தமிழிற் சொல்லும்படி கேட்டோம். “தமிழில சொல்லேலாது, சேர்” என்றார். மேலே நாம் ஆண்ட மீடிறன், வீச்சம், அவத்தை, தலையீடு எல்லாம் அவர் உயர்தர வகுப்பிற் பயின்ற சொற்களே. அவத்தையோ சைவசித்தாந்தம் பயின்றோர்க்குப் புதிதன்று; சாக்கிரம் முதல் துரியாதீதம் ஈறாக ஐந்தென்று மனனஞ் செய்தவர்கள் அவர்கள். (பரீட்சைக் காலத்தில் அவர்கள் படும் அவத்தை வேறு.) அன்ரெனாவும் தெஸ்லாவும் அயற்சொற்களாகவே நிற்கட்டும். அவற்றையும் பெயர்த்தே தீரவேண்டுமென அடம்பிடிப்போரோடும் நாம் உடன்படோம்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து, இவ்வட்டுக்கோட்டையிலே தொடங்கி மானிப்பாயிற் தொண்டாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தவர். அவர் வெளிக்கொணர்ந்த உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’. இரசாயன நூலோ ‘கெமிஸ்தம்’. ஒன்றில் நாட்டு வைத்தியரின் சொல், மற்றதில் அயற்சொல். மாணாக்கருக்கு விளங்கவேண்டுமென்பதே அவருக்குப் பெரிதாயிருந்தது.

ஆகவே கடல்கடந்தும் உள்ளூரிலும் பொறியியலாளராய், வைத்தியராய், ஆய்வாளராய் விளங்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று கேட்கின்றோம். யூபிலி ஆண்டில் மண்டபத்துக்கும் மதிலுக்கும் பணம் அனுப்புகின்றீர்கள், நன்று. அத்தோடு உங்கள் தொழிலைப் பற்றி நான்கு பக்கம் தமிழில் எழுதியனுப்புங்கள். சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே எழுதிவிடுங்கள். வாக்கியந் திருத்துவது தமிழாசிரியராகிய எமது வேலை. உயர்தர வகுப்பு மாணாக்கர் அவற்றை முதலில் வாசிக்கட்டும்.