புற்றுமண்ணும் புற்றுநோயும்

சங்கரன்கோவிலில் கொடுக்கப்படும் புற்றுமண்ணைப் பூசினாலும், தண்ணீரில் கரைத்துக் குடித்தாலும் வியாதிகள் தீரும் என்று நம் ஜனங்கள் வெகுகாலமாய் நம்பி வருகிறார்கள். ஆடித்தபசுக்கு வந்து அம்மண்ணை முடிந்துகொண்டு போகிறவர்கள் அநேகர். சொறிக்கும் சிரங்குக்கும் பூசுகிறவர்களைப் பற்றி இன்று நாம் பேச வரவில்லை. கட்டியின்மேல் பூசிக்கொண்டு காலங்கடத்துகிறவர்களைப் பற்றியதே நமது கவலை.

சதை, கொழுப்பு, நரம்பு முதலிய மெல்லிய திசுக்களில் உண்டாகும் புற்றுநோய்க்குச் 'சார்க்கோமா' என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றில் ஒன்றுதான். ஆனால் வகையோ 50க்கு மேல். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது. வலியில்லாததால் அலட்சியம், அலட்சியத்தால் மண்பூச்சு. அதற்குள் நோய் இரத்தத்தின் வழியாய் நுரையீரலில் போய்க் குடியேறிவிடக்கூடும். தொடையில் பூசிய மண் அங்கே எப்படிப் போய்ச் சேரும் என்பதைப் பக்தர்களே சொல்லட்டும். மண் கொடுக்கிறவருக்கே கட்டி வந்தால் அவர் மண்ணோடு நிற்பாரா, சென்னைக்கு ரயிலேறுவாரா?

நிற்க, பரவிவிட்டால் எல்லாம் தலைவிதி என்பதும் மூடத்தனமே. நுரையீரலில் சில கட்டிகள் மாத்திரம் இருந்தால் அறுத்தெடுத்துப் பல வருஷம் வாழ்ந்தவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் நோயைச் சிலகாலம் அடக்கலாம். எல்லோருக்கும் குணமாகும் என்று நாம் பொய் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லுவது மண்ணின் தொழில்.

இரைப்பை, குடலில் தோன்றிக் கல்லீரலுக்குப் பரவும் 'ஜிஸ்ட்' என்ற வகைக்கு முன்னே தக்க மருந்தே இல்லை. 2002ல் அமெரிக்காவில் அதற்கு 'இமாடினிப்' மாத்திரை அனுமதிக்கப்பட்டது. அதனால் பலர் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். அம்மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட பேட்டண்ட் உரிமையைச் சென்னை ஆபீஸ் 2006லும், சுப்ரீம் கோர்ட்டு 2013 ஏப்ரல் 1ந் தேதியும் மறுத்தன. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொன்ன மருந்தை, நம் நாட்டுக் கம்பெனிகள் சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்க முடிந்தது. ஏழையைக் காப்பாற்றியது எந்தச் சாமி?

டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதற்காகக் கோவில் கட்டவில்லை. 1954ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார்.

ஆகவே தோழர்களே! ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியோ, ஆழத்திலிருந்து வளர்ந்துகொண்டே போகும் கட்டியோ இருந்தால், வலியில்லாவிட்டாலும் உடனே திருநெல்வேலி, மதுரை பெரியாஸ்பத்திரிகளுக்குப் போங்கள். ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துச் சோதிக்குமுன் யாரையும் கத்தி வைக்கவிடாதீர்கள். முதல் அறுவை சரியாய் நடப்பதில்தான் உயிரே இருக்கிறது. மண் வீடு கட்டவும் பயிர் செய்யவும் உதவட்டும். உயிர் காக்க வைத்தியத்தைத் தேடுங்கள்.