எழுதிக் கொடுக்காதீர்கள், எழுதவிடுங்கள்



2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பகுதியைக் கஜா புயல் சிதைத்தபோது எங்கள் மாணவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். அண்மையில் 'மீண்டெழுதல்' பற்றிச் சொந்த வரிகளை எழுதி மேடையில் சொல்லும் பயிற்சியை அவர்களுக்குக் கொடுத்தோம். முதலில் எல்லாரும் 'விழுந்தாலும் எழுவோம்' என்றே எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், சாய்ந்த தென்னைகளை அறுத்துப்போட்ட அன்று அப்பா யாரோடும் பேசவில்லை என்று எழுதி வந்தாள். பிறகு மற்றவர்களின் எழுத்தும் மாறியது. முகாமில் பகிர்ந்துகொண்ட போர்வை, வட்டிக் கடன், திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன் எல்லாம் மேடைக்கு வந்தன.

முடிந்தபின் அவர்கள் பகிர்ந்துகொண்டது இன்னும் முக்கியம். தைரியசாலியாகக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பதே நிம்மதி என்றான் ஒருவன். அந்த இரவைப் பற்றி அம்மாவிடம் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன் என்றாள் இன்னொருத்தி. நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை காத்திருப்பதும் மீண்டெழுதல்தான் என்று வாதிட்டது ஒரு குழு. எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆண்டு விழாவிலும் கலைத் திருவிழாவிலும் நாம் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பிக்கும் வழக்கத்தைச் சக ஆசிரியர்கள் கைவிட வேண்டுகிறேன்.

தமிழாசிரியை ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்