முசிறியை அழித்தது வெள்ளமா?

1341ஆம் ஆண்டில் பெரியாறு பெருக்கெடுத்தது. ஒரே நாளில் முசிறி மறைந்தது. வைப்பின் தீவும் கொச்சித் துறையும் பிறந்தன. விழா மேடைதோறும் இக்கதையை நாம் கேட்கின்றோம். புதுவைப்பு ஆண்டுக்கணக்கு 1341இல் தொடங்குவதை யாம் மறுக்கவில்லை. சங்ககால முசிறியின் வீழ்ச்சியையும் அவ்வெள்ளத்தின் தலையில் ஏற்றும் சோம்பலையே மறுக்கின்றோம்.

காலத்தைக் கணக்கிடுங்கள். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட வணிகத்துக்குப் பெரிப்ளூசும் பிளினியும் முதல் நூற்றாண்டுச் சான்றுகள். வியன்னாவிலுள்ள கடன் ஒப்பந்த ஏடு 2ஆம் நூற்றாண்டினது. 3ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு உள்நாட்டுப் போராலும் நாணயச் சீர்கேட்டாலும் தளர்ந்தது, அவ்வணிகமும் சுருங்கிற்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே மெலிந்ததை 1341இன் வெள்ளம் எங்ஙனம் கொன்றிருக்கும்?

ஊரும் உடனே அழிந்ததன்று. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தருளியபோது யூத வணிகன் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு வழங்கினான். முசிறியின் பெயரே அங்கு வாழ்கின்றது. அச்செப்பேடு மட்டாஞ்சேரியில், 1568இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தில் காக்கப்பட்டு வந்தது. வணிகமும் மக்களும் மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்தமைக்கு இதனினும் கரி வேண்டுமோ?

யவனர் பொன்னைப் பாடும் அகநானூற்று 149ஆம் பாட்டை எடுத்துக்காட்டுவோர், அதே பாட்டில் செழியன் முசிறியை முற்றுகையிட்டுப் படிமம் கவர்ந்த செய்தியை ஏன் விழுங்குகின்றனர்? கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நின்றதையும், அருகே கடற்கொள்ளையர் திரிந்ததையும் பிளினி எழுதியிருக்கின்றாரே! போரும் கொள்ளையும் ஆழமின்மையும் தொடக்கத்திலேயே உடனிருந்தன.

இதனால் இன்று என்ன கேடு என்பீர். வெள்ளத்தின்மேல் பழி போட்டால் மனிதர் பொறுப்பு மறைந்துவிடும். கொச்சியையும் வெள்ளம் மட்டும் துறைமுகமாக்கவில்லை. பிரிஸ்டோவின் முயற்சியால் முகத்துவார மணல்மேடு வெட்டப்பட்ட பின்னரே, 1928இல் பெருங்கப்பல் உட்புகுந்தது. இன்றும் தூர்வாராது விட்டால் அவ்வழி அடைபடும். ஆறு தருவது வாய். அதைத் துறையாக்குவதும் துறையாகக் காப்பதும் மக்கள் கையிலுள்ளன.

வைப்பினுக்கு வடகிழக்கே, பலர் முசிறியெனக் கருதும் பட்டணத்தில், 2007 முதல் நிகழ்ந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மேடையில் வெள்ளத்தை வருணிப்போர் அவ்வோடுகளின் சான்றையும் கேட்கட்டும். முசிறி எழுந்ததும் மனிதராலே. தளர்ந்ததும் பெரும்பாலும் மனிதராலே. இதனை ஏற்பவரே கொச்சியைக் காப்பர்.