வளைவும் வகுப்பறையும்

ஊர்ப் பெரியோருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ரொறன்ரோவில் வாழும் ஊரவர் ஒருவர் எழுதும் மடல்.

யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலைகளுள் பல, ஊரவர் காணி கொடுத்து, கொட்டில் போட்டு, தாமே நடத்தியவை. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடக்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் வழியிலும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் முயற்சியாலும் எழுந்த பள்ளிகள் காலப்போக்கில் உதவி பெறும் பாடசாலைகளாயின. அதாவது, ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு நிதி வழங்க, கட்டடமும் தளபாடமும் நிர்வாகமும் முகாமையாளர் எனப்பட்ட பொறுப்பாளரையும் அவருக்குப் பின்னின்ற ஊரையும் சார்ந்திருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவற்றுட் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறியபின், பாடசாலையை நடத்தும் பழக்கம் ஊரைவிட்டு மெல்ல நழுவியது. விழா எடுக்கும் பழக்கம் மட்டும் நிலைத்தது.

ஊர்ப் பாடசாலையில் அண்மையில் திறந்துவைக்கப்பட்ட நுழைவாயில் வளைவு இதற்குச் சான்று. கருங்கல்லில் பொன்னெழுத்தாகப் பொறித்த புலம்பெயர்ந்தோர் பெயர்கள், மாலை, மேளம், ட்ரோன் படப்பிடிப்பு என எதிலும் குறைவில்லை. அவ்வளைவின் கீழால் உள்ளே செல்லும் பிள்ளைகளுக்கோ கணிதம் கற்பிப்பவர் ஒரு தொண்டர் ஆசிரியர். அரச நியமனமின்றிச் சிறு கொடுப்பனவுக்குக் கற்பிக்கும் அவருக்கு அக்கொடுப்பனவும் மாதக்கணக்கில் நிலுவையில் உள்ளது. வழிகாட்டவும் வளைவு வேண்டியதில்லை, பாடசாலைக்கு வழி தெரியாதவர் ஊரில் எவருமிலர். மழைக்கு ஒதுங்கவும் அவ்வளைவு உதவாது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளைவிடத் தன் பெயரையே விரும்புகிறது என்பதை இதைவிட உயரத்தில் எழுதிவைக்க இயலாது. ஊர்க் கல்வியின் வீழ்ச்சியை வரலாறாக எழுதப்போகும் எவரும் இவ்வளைவிலிருந்தே தொடங்கலாம்.

புலம்பெயர்ந்தோர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ, 2000ஆம் ஆண்டின் 612ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் பாடசாலை மன்றம் ஒன்று இருத்தல் வேண்டும். அதில் பெற்றோரே பெரும்பான்மையினர், தலைவரும் பெற்றோருள் ஒருவரே. அதிபர் உறுப்பினராயினும் வாக்களிக்க இயலாது. வேலை முடிந்து பனிக்குள்ளால் வந்து அம்மன்றங்களில் அமரும் தமிழ்ப் பெற்றோர், கணக்குக் கேட்கவும் மறுத்துப் பேசவும் பழகியுள்ளனர், அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. ஊரின் அபிவிருத்திச் சங்கத்திலோ அதிபரே பதவிவழித் தலைவர். பெற்றோர் வரவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்புகின்றனர். (அன்பளிப்பாளரை எதிர்த்துப் பேச எவருக்குத்தான் மனம் வரும்?)

இவ்வாறு உபதேசிக்க வெளியேறியோருக்கு என்ன உரிமை என ஊர் கேட்கலாம், கேட்பது நியாயமே. வகுப்பறைகள் வெறுமையானதற்குப் போர் ஒரு காரணமெனில், அவற்றில் அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகளை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ப்போரும் ஒரு காரணமே. அதனால் ஊருக்குப் பட்ட கடனை ஒரே நாள் விழாவில் தீர்த்துவிட முனைவோரும் அவர்களே என்பதால், அவர்களைத் தடுக்கக்கூடியது ஊர் மட்டுமே. எனவே, பெயர்க்கல் கேட்டு வரும் பணத்தைத் திருப்பி அனுப்புமாறும், மாதந்தோறும் வரும் சிறு தொகைகளை மட்டும் ஏற்று அவற்றின் வரவுசெலவைப் பெற்றோர் முன் வாசிக்குமாறும், அடுத்த பொதுக்கூட்டத்தில் தொண்டர் ஆசிரியரின் நிலுவையை முதல் விடயமாக எடுத்துக்கொள்ளுமாறும் ஊரவரை இம்மடல் வேண்டுகிறது.