திரையில் மட்டும் சரிபார்த்தால் போதாது



ஸகாத் விண்ணப்பம், புலமைப்பரிசில் உதவி, ஜனாஸா சங்க அங்கத்துவம் என்று எமது ஊர்களில் பல வேலைகள் இப்போது ஒன்லைனுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இவற்றைச் செய்து தருவது பெரும்பாலும் எமது பிள்ளைகள்தான். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் ஒரு விடயத்தை அவர்களும் நிர்வாகிகளும் சேர்ந்து யோசிக்க வேண்டும். வரும் தகவல் சரியா என்று எந்த இடத்தில் பார்ப்பது?

பலர் திரையில் தெரியும் படிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிழையாக நிரப்பினால் சிவப்பு எழுத்து வரும். ஆனால் எல்லாத் தகவலும் அந்த வழியால் வருவதில்லை. போன் இல்லாத ஒரு உம்மாவின் விபரத்தைக் காரியாலயத்தில் ஒருவர் வேறு பக்கத்தால் பதிவார். மஹல்லா வாரியாக எடுத்த பட்டியலை இன்னொருவர் எக்செல் கோப்பாக ஏற்றுவார். எக்செலோ 077 என்று தொடங்கும் இலக்கத்தின் முதல் பூச்சியத்தையே விழுங்கிவிடும். அங்கே சிவப்பு எழுத்துக் கிடையாது. பிறகு உதவி கிடைத்த செய்தியைச் சொல்ல அந்த உம்மாவைத் தேடிப் பிடிக்க முடியாது.

ஆகவே சரிபார்ப்பு, வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். 'விண்ணப்பத்தைப் பதிதல்' என்ற ஒரே வேலையைச் செய்யும் உட்பகுதியை புரோகிராமர்கள் சர்விஸ் ஒப்ஜெக்ட் என்பார்கள். தகவல் எந்த வழியால் வந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பிழை இருந்தால் எதையும் சேமிக்காமல், என்ன பிழை என்று அது திருப்பிச் சொல்லட்டும். பரீட்சைக்கு வரும் பிள்ளையை கேற்றில் பார்த்துத்தான் விடுகிறார்கள். அதற்காக மண்டபத்தில் அனுமதி அட்டையைப் பார்க்காமல் விடுகிறோமா?

அதேநேரம், சரியானதைப் பிழை என்று தள்ளவும் கூடாது. 9 இலக்கத்தோடு வி அல்லது எக்ஸ் உள்ள பழைய அடையாள அட்டையும் உண்டு, 12 இலக்கப் புதியதும் உண்டு. இரண்டிலும் பிறந்த நாளை எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். பெண்களுக்கு 500 கூட்டப்படும். 1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 561 என்று வரும். சாதாரண கலண்டரால் கணக்குப் பார்த்தால் 560. அப்படி எழுதிய புரோகிராம் அவரது உண்மையான இலக்கத்தையே பொய் என்று சொல்லும்.

பெயரும் அப்படித்தான். எம்.ஐ.எம். என்று புள்ளி வைத்த பெயர்களையும், குடும்பப் பெயர் இல்லாதவர்களையும் ஏற்காத படிவம் எமது ஊருக்கு எதற்கு?

படித்தவர் போன் எடுத்துக் கேட்பார். ஒரு விதவைத் தாய் "எனக்குக் கிடைக்காது போல" என்று நினைத்து எழும்பிப் போய்விடுவார். கஷ்டப்பட்டவர்களின் தகவல் எமக்கு அமானிதம்.

நிர்வாகிகளே, திறந்து வைக்கும் முன் பழைய அட்டை, புதிய அட்டை, புள்ளி வைத்த பெயர், எக்செல் பட்டியல் நான்கையும் போட்டுப் பாருங்கள். பிழைச் செய்தி எங்கள் உம்மாமாருக்கு விளங்கும் தமிழில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.